இடது பக்கம் என்னுது இல்ல

அங்கிட்டுத் தொடாத தாயி, ஆடு உதைச்சுப்புடும். அது இடது பக்கம். நீ இப்படி என் பக்கம் வா. உக்காரு, இப்பத்தான் கூட்டி விட்டேன். கையைக் கழுவிட்டியா? அந்தா தொட்டியில தண்ணி இருக்கு, கழுவிட்டு வா. மடியில கை வைக்கிறதுக்கு முன்னாடி கழுவணும், வச்சுட்டுப் போகையிலயும் கழுவணும்.

இப்ப வை. விரல் நுனியில தொட்டா ஒண்ணும் தெரியாது. உள்ளங்கையில ஏந்துனாப்புல வை. சூடு எப்படி இருக்கு? உன் கன்னத்துச் சூடு இருந்தாப் போதும். அதுக்கு மேல இருந்தா ஆகாது, சில்லுன்னு இருந்தா அதைவிட ஆகாது. அமுக்கிப் பாரு. மெத்துன்னு இருக்கா? பால் பீச்சி முடிச்சதும் தொளதொளன்னு ஆயிரணும். அப்பவும் கெட்டியா நின்னா உள்ள கோளாறுன்னு அர்த்தம். முதப் பாலைச் செம்புல விடாத, கையில விட்டுப் பாரு. திரிதிரியா இருக்கா? இல்லேல்ல? நல்லாப் பாத்துக்க. ஏமாத்தி வித்துட்டான்னு நாளைக்கு நீ சொல்லக் கூடாது. என் பக்கத்துல ஒரு குத்தம் யாரும் சொல்ல முடியாது.

இடது பக்கத்தை நான் மறைக்கல தாயி. அதான் நீயே பாத்துட்டியே. காம்பே இல்லாம, வெறும் தழும்பாச் சுருங்கிப் போயிக் கெடக்கு. இப்ப நோவு ஒண்ணும் இல்ல, ஆறி ஒரு வருசம் ஆச்சு. இது ரெண்டாவது ஈத்து. அந்தா துள்ளுதே, அது இவ குட்டிதான். ஒத்தைக் காம்புலயே அதுக்கும் பால் உண்டு, உன் பிள்ளைக்கும் உண்டு. பசும்பால் ஒத்துக்கலைன்னுதான திருப்பூருல இருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்க. கட்டாயம் போதும்.

எப்படி ஆச்சுன்னு கேக்குற. கேக்கத்தான செய்வ. ஆடு வாங்க வர்றவுக எல்லாரும் கேக்குறாக. அந்தப் பக்கம் என்னுது இல்ல தாயி. அதுதான் சமாச்சாரம்.

எங்க வீட்டுக்காரரும் அவரு தம்பி தவமணியும் ஒரே வீட்டுலதான் இருந்தாக. தவமணி பெண்டாட்டி செவந்தி எனக்கு ஓரகத்தி. போன வருசத்துக்கு முந்துன வருசம் பாகம் பிரிச்சாக. வீட்டுக்கு நடுவுல சுவரு எழும்புச்சு. அண்டா குண்டா எல்லாம் ரெண்டாப் போச்சு. கோழி ஏழு இருந்துச்சு, ஒண்ணை அடிச்சுக் குழம்பு வச்சுட்டு மூணு மூணாப் பிரிச்சுக்கிட்டோம். இவளைத்தான் என்ன செய்யன்னு தெரியல. அல்லி அப்பத்தான் சினை புடிச்சிருந்தா, தலைச்சன் சினை. விக்கவும் யாருக்கும் மனசு வரல. ஆட்டுக் கொட்டத்துல சுவரு வைக்காம விட்டாக, அது பொதுன்னு.

ராமையா அண்ணன்தான் பாகம் பேசி முடிச்சாரு. அவருக்கு எதுக்கெடுத்தாலும் விளையாட்டு. "ஆட்டுக்குக் காம்பு ரெண்டு, நீங்களும் ரெண்டு பேரு. ஆளுக்கு ஒண்ணைப் பீச்சிக்கங்க தாயி"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிக்கத்தான் வாயைத் தொறந்தேன். அந்நேரம் செவந்தி ஒரு வார்த்தை சொன்னா. "பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பாலு எதுக்கு"ன்னா.

மெதுவாத்தான் சொன்னா. அவ புருசன் பக்கம் திரும்பித்தான் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு.

எனக்குக் கல்யாணம் ஆயி பதினாலு வருசம் தாயி. யாரு யாரோ என்னென்னமோ சொல்லியிருக்காக, நான் ஒண்ணையும் காதுல போட்டுக்கிட்டது இல்ல. ஆனா செவந்தி சொன்னது வலிச்சுச்சு. அவ பிள்ளை சோபிகா பிறந்தப்ப, துணியில சுத்தி நர்சம்மா குடுத்ததை முதல்ல கையில வாங்குனது நான். நாக்குல சேனை தொட்டு வச்சதும் நான்தான். "அக்கா, நீங்களே வைங்க, உங்க குணம் வரட்டும் என் பிள்ளைக்கு"ன்னு படுத்துக்கிட்டே சொன்னவ அவதான். அந்த வாயி இதைச் சொல்லவும் நான் எந்திரிச்சு நின்னேன். "வலது காம்பு எனக்கு, எழுதிக்கங்க"ன்னேன். யாரும் சிரிக்கல அதுக்கப்புறம்.

மாசியில இவ குட்டி போட்டா. ஒத்தைக் கிடாக்குட்டி. தலைச்சன் தங்கல, வயித்தால போயி ஆறாம் நாள் செத்துப் போச்சு. மடி மட்டும் பொங்கிக்கிட்டு வந்துச்சு. முதல் தடவை பால் குடுக்கிற ஆட்டுக்குக் கை பழக்கம் இருக்காது. குட்டி வாயி பழகுன காம்புல மனுசக் கை பட்டா உடம்பு சிலிர்த்துக்கும், பாலை மேல இழுத்துக்கும். ஒருத்தி புடிக்க ஒருத்தி பீச்சுனா எப்படியும் பழக்கிப்புடலாம். நாங்கதான் பேசிக்கிறது இல்லையே. அதனால ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு உக்காந்தோம். நான் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். என் கையில என் செம்பு, அவ கையில அவ செம்பு. நடுவுல இவ. விடியக் காலம் ஒரு தடவை, பொழுது சாயிறப்ப ஒரு தடவை. தெருவுல போறவுக நின்னு பாத்துட்டுப் போவாக. ரெண்டு கொமரிக சாமிக்கு முன்னாடி உக்காந்த மாதிரி இருக்குன்னு கேலி பேசுவாக.

பேசிக்கிறது இல்லைன்னு சொன்னேனா? பேசல. ஆட்டுக்கிட்டத்தான் பேசுனோம். முதல்ல ஆரம்பிச்சது நான்தான், அதை ஒத்துக்கிறேன். "ஏ அல்லி, நேத்து யாரோ கருவாட்டுக் குழம்பைக் கருக விட்டாக போல, சுவரு தாண்டி வந்துச்சே வாசம்"னேன். அந்தப் பக்கம் பால் பீச்சுறது வேகமாச்சு. அப்புறம் "அல்லி, கருகுனாலும் எங்க வீட்டுக் குழம்பு, நாங்க தின்னுக்குவோம்"னு வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டேன்.

அப்படியே நாளாச்சு. "அல்லி, சோபிகாவுக்கு நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு"ம்பா. "அல்லி, வேலியில தூதுவளை தழைச்சுக் கெடக்கு, பறிச்சா யாரும் கையைப் புடிக்க மாட்டாக"ம்பேன். மறுநாள் பாத்தா வேலியில தூதுவளை பறிச்சிருக்கும். அந்தப் பிள்ளையும் அவுக அம்மா கூடவே வந்து இவ காதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். "பெரிம்மா, அல்லி என்னைய நக்குது"ங்கும். செவந்தி அதைத் தடுக்கல. நானும் "அப்படியாடா தங்கம்"னு அது கூட நேராப் பேசிக்குவேன். பிள்ளைகிட்டப் பேசுறதுக்கு என்ன. உண்மையச் சொல்றேன் தாயி, சாயங்காலம் எப்ப வரும்னு காத்துக்கிட்டுக் கெடப்பேன் நான்.

செவந்தி பீச்சுற பாலு பூராவும் அந்தப் பிள்ளைக்குத்தான். பசும்பால் குடிச்சா உடம்பெல்லாம் தடிச்சுப் போகும், உன் பிள்ளை மாதிரியேதான். என் பாலை என்ன செஞ்சேன்னு பாக்குறியா? டீ போட்டேன். எங்க வீட்டுக்காரருக்குக் கவிச்சி அடிக்கும், தொட மாட்டாரு. நான் ஒருத்தி எம்புட்டுக் குடிக்க? மிச்சத்தை நாய்க்கு ஊத்துனேன். அவ கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். அவ கேக்கலையே.

ஆனியில ஒரு வெள்ளிக்கிழமை. விடிஞ்சு நான் செம்பைக் கழுவிக்கிட்டு இருக்கேன், சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி கிளம்புற சத்தம். பிள்ளைக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்னு தெரியும். செவந்தி கொட்டத்துப் பக்கம் ஓடி வந்தா. தலை கூட முடியல. பிள்ளையத் தோளுல போட்டிருக்கா, அது கை தொங்குது. இவகிட்ட வந்து நின்னு, "அல்லி, பிள்ளைக்குக் காய்ச்சல் முத்திப் போச்சு, மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். எத்தனை நாளாகும்னு தெரியல. நான் வர்ற வரைக்கும் உன்னையப் பாத்துக்கச் சொல்லு"ன்னா. சொல்லிட்டு ஓடிட்டா.

நீயே சொல்லு தாயி. யாருகிட்டச் சொன்னா? ஆட்டுக்கிட்ட. நான் நாலடி தூரத்துல செம்பும் கையுமா நிக்கிறேன். "அக்கா, பாத்துக்கங்க"ன்னு ரெண்டு வார்த்தை என் மூஞ்சியப் பாத்துச் சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்? ஆட்டுக்கிட்டச் சொன்னது எனக்குச் சொன்ன மாதிரி ஆயிருமா?

அன்னைக்கு என் பக்கத்தைப் பீச்சுனேன். இடது பக்கம் அப்படியே நின்னுச்சு. சாயங்காலமும் என் பக்கம். மறுநாள் காலையில பாத்தா இடது காம்புல தன்னாலப் பால் சொட்டுது. இவ பின்னங்காலை அகட்டி அகட்டி நடக்குறா. எங்க வீட்டுக்காரரு, "ஏ பவுனு, அந்தப் பக்கத்தையும் பீச்சி விடேன், ஆடு நோகுதுல்ல"ன்னாரு. "நாளைக்கு வந்து என் பிள்ளை பாலை எடுத்துட்டான்னு சொன்னா நீங்களா பதில் சொல்வீக? பிள்ளை இல்லாதவளுக்குப் பாலு எதுக்குன்னு கேட்டவ அவ"ன்னேன். அவரே செம்பை எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்தாரு. அவருக்குப் பீச்சத் தெரியாது, இவ உதைச்ச உதையில செம்பு வாசல் வரைக்கும் உருண்டுச்சு. எந்திரிச்சுப் போயிட்டாரு.

மூணாம் நாள் இவ எரை எடுக்கல. வேப்பங்குழையக் கொண்டாந்து போட்டேன், மோந்து கூடப் பாக்கல. கிட்டப் போனா, தொடாமலே அனல் அடிக்குது அந்தப் பக்கம். செவந்து, தோலு மினுமினுன்னு இழுத்துக்கிட்டுக் கல்லாட்டம் நிக்கிது. என்ன நோவுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. எங்க அப்பா வீட்டுல பத்து உருப்படி ஆடு கெடந்துச்சு. மடிநோவுன்னு பாத்த மாத்திரத்துல தெரியும் எனக்கு. சோத்துக் கத்தாழை, மஞ்சப்பொடி, சுண்ணாம்பு மூணையும் போட்டு அரைச்சேன். அரைச்சு, என் பக்கத்துக்குப் பூசுனேன்.

ஏன் அப்படிப் பாக்குற? இந்தப் பக்கத்துக்குப் பரவிறக் கூடாதுல்ல. கிண்ணத்துல மிச்சம் இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமும் போனேன். போயி அவ உக்காருற எடத்துல நின்னேன். நின்னு, திரும்பி வந்துட்டேன். அவ பங்குல கை வைக்கிறவ நான் இல்ல. இம்புட்டு நாளுல ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, அவ பாலை நான் எடுத்தது இல்ல.

நாலாம் நாள் அந்தப் பக்கம் கத்திரிக்கா நிறத்துக்குப் போயிருச்சு. அன்னைக்குத்தான் நான் தொட்டேன். தொட்டா, சில்லுன்னு இருக்கு. நேத்து வரைக்கும் கொதிச்ச மடி, கிணத்துக் கல்லு மாதிரி சில்லுன்னு இருக்கு. "ஏங்க, ஓடுங்க, மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டியாங்க"ன்னு கத்துனேன்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். வந்ததும் பின்னாடி போயிக் குந்தி உக்காந்து முதல்ல கண்ணாலயே ரெண்டு பக்கத்தையும் பாத்துச்சு. அப்புறம் ரெண்டு கையையும் ரெண்டு பக்கத்துல ஒரே நேரத்துல வச்சுச்சு. ஒண்ணோட ஒண்ணை ஒத்துப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்னுச்சு. எனக்கு அது புதுசு தாயி. அன்னைக்கு வரைக்கும் நான் இவ மடி பூராவையும் ஒண்ணா வச்சுப் பாத்ததே இல்ல. இடது காம்பைப் பீச்சுச்சு. பால் வரல. கறி கழுவுன தண்ணி மாதிரி வந்துச்சு, ஒரு நாத்தம்.

"எத்தனை நாளா இந்தப் பக்கம் பீச்சல?"ன்னுச்சு.

"அது என் பக்கம் இல்ல டாக்டரம்மா. எங்க ஓரகத்தி பங்கு. அவுக ஊருல இல்ல"ன்னேன்.

அந்தம்மா காய்ச்சல் குச்சிய வச்சுப் பாத்துச்சு. நூத்தி ஆறு. குச்சிய என் கண்ணு முன்னாடி காட்டி, "இந்தக் காய்ச்சல் யாரு பங்கும்மா?"ன்னு கேட்டுச்சு. படிச்ச பிள்ளைகளுக்குக் கிராமத்து நியாயம் தெரியாது. பாகம் பிரிச்சா பிரிச்சதுதான். அதை நான் அதுகிட்டச் சொல்லல.

ஊசி போட்டு, குளுகோசு ஏத்தி, அஞ்சு நாள் தொடர்ந்து வந்துச்சு. உசுரு தங்குச்சு. அந்தப் பக்கம் போனது போனதுதான், அழுகி உதிரும், பயப்படாதீகன்னு சொல்லிருச்சு. உதிர உதிர நான்தான் வேப்பெண்ணெய் போட்டு ஈ மொய்க்காமப் பாத்தேன். அப்பத் தொட்டேன் தாயி அந்தப் பக்கத்தை. ராவும் பகலும் தொட்டேன். அப்பப் பங்கு பாக்கல. அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாக.

ஒன்பதாம் நாள் செவந்தி வந்தா. பிள்ளை பொழைச்சிருச்சு, சாமி புண்ணியம். துரும்பா எளைச்சு, தோளுல சாஞ்சு கெடந்துச்சு. வந்ததும் வராததுமாச் செம்பை எடுத்துக்கிட்டுக் கொட்டத்துக்கு வந்தா, பிள்ளைக்குப் பால் குடுக்கணும்னு. பழக்கத்துல இடது பக்கம் போயி உக்காந்தா. கையை நீட்டுனா.

நான் வலது பக்கம் உக்காந்திருக்கேன். அவ ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். வைவா, மண்ணை வாரித் தூத்துவான்னு பாத்தேன். என் நியாயத்தை எல்லாம் மனசுக்குள்ள அடுக்கி வச்சிருந்தேன். அவ ஒரு வார்த்தை பேசல. ஆட்டுக்கிட்டக் கூடப் பேசல. கையை அந்தப் புண்ணு மேல படாம அந்தரத்துல வச்சுக்கிட்டு அப்படியே இருந்தா. இவ திரும்பி அவ தோளை மோந்து பாத்தா. செவந்தி எந்திரிச்சு வெறுஞ்செம்போட போயிட்டா.

அன்னைக்கு என் பாலை எடுத்துச் சுவரு மேல வச்சேன், ஒரு செம்பு நிறைய. "அல்லி, பிள்ளைக்குப் பால் வச்சிருக்குன்னு சொல்லு"ன்னு சத்தமாத்தான் சொன்னேன். பொழுது சாயிற வரைக்கும் செம்பு அங்கயே இருந்துச்சு. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்துச்சு. "அல்லி, எங்க பங்கு போச்சு. அடுத்தவுக பங்குல நாங்க கை வைக்க மாட்டோம்."

பால் திரைஞ்சு போச்சு. மறுநாளும் வச்சேன், அதுவும் திரைஞ்சு போச்சு. ஒரு வாரம் வச்சேன். டப்பாப் பவுடரைக் கரைச்சுக் குடுத்தாக பிள்ளைக்கு. அது வேண்டாம்னு அழுகுறது சுவரு தாண்டிக் கேக்கும். நான் காதைப் பொத்திக்கிட்டு அடுப்படியில உக்காந்திருப்பேன். பிள்ளை அழுதது இன்னும் காதுலயே இருக்கு தாயி.

ஆடி கழிஞ்சு ஊரை விட்டே போயிட்டாக. தவமணிக்குத் திருப்பூருல பனியன் கம்பெனியில வேலையாம். போகையில எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டாக. பிள்ளை மட்டும் வண்டியில இருந்து, "பெரிம்மா, அல்லி எங்க"ன்னுச்சு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன்.

நான் தப்பு ஒண்ணும் செய்யல. நீ கேட்டேல்ல, நடந்ததைச் சொன்னேன். ஊருல யாரைக் கேட்டாலும் பவுன்தாயி அடுத்தவுக பொருளைத் தொடாதவன்னுதான் சொல்லுவாக.

இப்ப ஏன் விக்கிறேன்னா, இவளை என்னால பாக்க முடியல. பால் பீச்ச உக்காந்தா இவ என் பக்கம் பாக்க மாட்டா. கழுத்தை அந்தப் பக்கமே திருப்பி வச்சுக்குவா. அங்க ஆளு இருந்தாத்தான் பால் விடுவா, இல்லேன்னா இழுத்துக்குவா. தலைச்சன்ல பழகுனது, மாறல. நான் என்ன செய்வேன், அந்தப் பக்கம் போயி உக்காந்துக்கிட்டு, அடியில கையை விட்டு எட்டி இந்தக் காம்பைப் பீச்சுவேன். அப்பவும் பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சுச் சத்தம் நின்னா பாலும் நின்னுரும். நீயும் அப்படித்தான் செய்யணும், ஞாபகம் வச்சுக்க. நல்லதா ரெண்டு வார்த்தை பேசு.

விலையை எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசிக்க. குட்டியையும் பிரிக்காதீக, சேத்தே கொண்டு போங்க.

இன்னொண்ணு தாயி. திருப்பூருன்னு சொன்னேல்ல நீ. பெரிய ஊரும்பாக, இருக்கட்டும். வாசல்ல கட்டுனா தெருவுல போற வர்றவுக பாப்பாக. ஒரு பொம்பளைப் பிள்ளை, இப்ப நாலு வயசு நடக்கும், புருவத்துக்கு மேல சின்னத் தழும்பு இருக்கும், இவ கொம்பு பட்டது. அந்தப் பிள்ளை வந்து இவ காதைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சுன்னா, ஒரு டம்ளர் பீச்சிக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத, அவுக அம்மா குடிக்க விட மாட்டா. ஆடு குடுத்துச்சுன்னு சொல்லு.

இரு, கயித்தை நான் அவுத்துத் தர்றேன்.

ஏ அல்லி. இங்கிட்டுத் திரும்பு. ஒன்னையத்தான். போற எடத்துல செவந்தி வந்தா உதைச்சுப்புடாத. இடது பக்கம்தான் வந்து உக்காருவா. அவகிட்ட வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். அன்னைக்கு அவ உன்கிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லிரு.